ஒற்றைக்கண்ணனும் ஊருணிச் சட்டமும்

நான் பார்த்த வேலைக்கு எங்கள் ஊர் பாளையம்பட்டியில் பெயர் கிடையாது. மதுரையில் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்குத் தவளையை அறுத்துக் காட்டுவேன். மிச்ச நேரத்தில் குளத்துத் தண்ணீரில் நீந்தும் ஒரு பூச்சியைப் பற்றி ஆராய்ச்சி. ஒரு கடுகை நறுக்கினால் துணுக்கு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான் அது. நெற்றியில் ஒரே ஒரு கண். புத்தகத்தில் அதற்கு சைக்ளாப்ஸ் என்று பெயர். நான் செல்லமாக ஒற்றைக்கண்ணன் என்பேன்.

பெண் வீட்டார் முன்னால் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால் என் சித்தப்பா, "மதுரையில பெரிய வேலையா இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொண்டு பேச்சை மழைக்குத் திருப்பிவிடுவார். எங்கள் பக்கத்தில் மழையைப் பற்றி ஆரம்பித்துவிட்டால் போதும், அப்புறம் யாரும் வேறு எதையும் கேட்க மாட்டார்கள். அப்படி மழை காப்பாற்றிய ஒரே பயிர் நான்தான்.

அது யுத்த காலம். பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ்ஸின் முதுகில் பீப்பாய் மாதிரி ஒரு அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாசி மாசத்தில் அப்படியொரு கரி பஸ்ஸில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போனேன். திருச்சுழிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கிராமத்து ஊருணியில் ஒற்றைக்கண்ணன் மண்டிக் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த ஊரில் நரம்புச் சிலந்தி நோயும் அதிகம் என்றார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆராய்ச்சிக்காரன் புத்தி அப்படி.

நரம்புச் சிலந்தியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். காலில் ஒரு கொப்புளம் கிளம்பும். அது உடைந்து, வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு முழ நீளத்துக்கு வெளியே வரும். குச்சியில் சுற்றிச் சுற்றித் தினம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அறுந்துபோனால் கால் வீங்கி ஆள் பாயோடு பாய். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால், புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். அவற்றை ஒற்றைக்கண்ணன் தின்பான். ஒற்றைக்கண்ணனை மனிதன் தண்ணீரோடு குடிப்பான். அடுத்த வருஷம் அவன் காலில் புழு. இந்தச் சங்கிலி முழுக்க எனக்கு மனப்பாடம். ஆனால் அதுவரை நான் எந்த ஊருணியிலும் கால் வைத்ததில்லை. அன்று வைத்தேன், கான்வாஸ் சப்பாத்தோடு.

"யாருய்யா அது! ஊருணியில சப்பாத்தோட எறங்குறது!"

கரையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். நான் பூச்சி பிடிக்கிற பட்டுவலையும் புட்டியுமாக விறைத்து நின்றேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இடுப்பில் குடத்தோடு ஒரு அம்மாள் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று பிறகு தெரிந்தது. அந்த வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஊரே டீச்சரம்மா என்றது. குரலைக் கேட்டதும் நான் மூன்றாம் வகுப்புக்குத் திரும்பிவிட்டேன்.

"கண்ணாடி போட்டிருக்கீக, கண்ணு தெரியலையா? குடிக்கிற தண்ணியில்ல இது?"

"ஆராய்ச்சிக்காக வந்தேங்கம்மா."

"ஆராய்ச்சிக்கு வந்த சப்பாத்துல அழுக்கு இருக்காதாக்கும்? மேல ஏறுங்க மொதல்ல."

ஏறினேன். கரையின் மேல் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஊருணிக் கரையில் செருப்பைக் கழற்றாதவன் அந்த ஊரில் கிடையாது, அவ்வளவு மரியாதை. ஆனால் செருப்பைக் கழற்றியவர்கள் எல்லாரும் வெறுங்காலோடு முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, குடத்தின் வாயால் தண்ணீரை இப்படியும் அப்படியும் விலக்கி, தெளிந்ததும் முகந்தார்கள். காலில் கந்தல் சுற்றிய ஒரு பருத்திக்காட்டுச் சம்சாரியும் நொண்டி நொண்டி வந்தார். செருப்பை அக்கறையாகக் கழற்றி வைத்தார். கந்தலையும் அவிழ்த்து வைத்தார். சுத்தமாக இறங்கினார். முகத்தில் அப்படியொரு சுகம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புத்தகத்தில் படம் போட்டிருந்த சங்கிலி என் கண்ணெதிரே முழங்கால் தண்ணீரில் நின்று "ஆகா" என்றது!

டீச்சரம்மாவிடம் மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னேன். புட்டியைச் சூரியனுக்கு நேரே தூக்கி, வெள்ளைப் புள்ளிகள் துள்ளுவதைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பயம் இல்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் அந்தப் பூச்சி ஆளா! ஏன்யா, உங்க பூச்சியாலதான எங்க ஊருணியச் சாத்தப் போறாக!"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. படியில் இறங்கி முகக்கிற ஊருணிகளை எல்லாம் பங்குனியிலிருந்து முள் அடைத்து மூடிவிடுவது என்று ஜில்லா போர்டில் ஒரு விதி தயாராகிக்கொண்டிருந்தது. திருச்சுழி பங்களாவில் அடுத்த வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று தண்டோரா போட்டிருந்தார்கள்.

"மூடிவிட்டால் தண்ணீருக்கு?" என்று கேட்டேன்.

"கெணத்துத் தண்ணி குடிக்கணுமாம்." பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சொம்பு வாங்கி நீட்டினார். "குடிங்க."

ஒரு வாய் குடித்தேன். மரியாதைக்காக விழுங்கினேன். மீன் இல்லாத கடல் அது.

"இதுல பருப்பு வேகாது. பிள்ளைக குடிச்சா வயித்தால போகும். ஊருணியச் சாத்துனா ஊரையும் சாத்திட்டுப் போயிற வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தையும் சேத்து." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க கமிட்டிக்கு வந்து சொல்லுங்க" என்றார்.

"நான் ஆராய்ச்சி செய்கிறவன் அம்மா. சட்டம் போடுவது என் வேலை இல்லையே."

"பூச்சியப் பத்திச் சட்டம் போடுறாக. பூச்சி தெரிஞ்ச ஆளு வர மாட்டேங்கிறீக. அப்பப் பெறகு யாரு வருவா, பூச்சியா?"

கரையில் கொல்லென்று சிரித்தார்கள். என் புட்டியில் இருந்த ஒற்றைக்கண்ணன்கள்கூடத் துள்ளியது மாதிரி இருந்தது.

மதுரைக்குப் போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். நல்ல மனிதர். "உண்மையைக் கண்டுபிடிப்பது நம் வேலை. அதை என்ன செய்வது என்று மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். "மற்றவர்கள் வெள்ளிக்கிழமை பார்க்கப் போகிறார்கள் சார், முள்ளோடு" என்றேன். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, பித்தளை மைக்ராஸ்கோப்பை என் கையில் கொடுத்தார். "உயிர் போனாலும் இது உடையக் கூடாது." யாருடைய உயிர் என்று சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் பூச்சியை ஒரு கமிட்டி கேட்கப் போகிறது! கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். கண்ணாடி கடைசிவரை கேட்டது. ஆனால் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அதை நம்பித்தான் ஏமாந்தேன்.

வெள்ளிக்கிழமை கரி பஸ் வழக்கம்போல மேட்டில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். நான் மட்டும் மடியில் துணி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். "என்னண்ணே, கைப்பிள்ளையா?" என்றார் கண்டக்டர். "ஆமாம், பித்தளைப் பிள்ளை" என்றேன். அவர் அப்புறம் என்னிடம் பேச்சே கொடுக்கவில்லை.

பங்களா கூடத்தில் நீள மேஜை. நடுவில் கமிட்டித் தலைவர். அருப்புக்கோட்டையில் நூலும் துணியும் விற்கிற பெரிய வியாபாரி. மொட மொட வேட்டி, நிதானமான பேச்சு. பக்கத்தில் சுகாதார அதிகாரி, வெயிலில் கறுத்து மெலிந்தவர். விதியை எழுதியவர் அவர்தான். சுவரோரப் பெஞ்சில் டீச்சரம்மாவும் ஊர்க்காரர்களும். என்னைப் பார்த்ததும் டீச்சரம்மா, 'நம்ம பையன் பரீட்சை எழுதப் போறான்' என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

நான் எழுந்தேன். தண்ணீரில் விஷம் இல்லை, குற்றவாளி இந்தப் பூச்சி ஒன்றுதான் என்று நிரூபிப்பது என் திட்டம். அன்று காலை வரும் வழியில் அந்த ஊருணியில் எடுத்த தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் வைத்து, தலைவரை அழைத்தேன். குனிந்து ஒரு கண்ணை வைத்தார். கீழேயிருந்து ஒற்றைக்கண்ணன் தன் கண்ணை வைத்தான்.

"அய்யய்யோ! என்னய்யா இது, கொம்பு மொளச்ச பிசாசு!" தலைவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். உறுப்பினர்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு வரவேற்பு என் பூச்சிக்கு எங்குமே கிடைத்ததில்லை.

தலைவர் திரும்பி, "சுகாதார இன்ஸ்பெக்டரு, பங்குனி வரைக்கும் எதுக்கு? நாளைக்கே சாத்திருங்க!" என்றார்.

சுகாதார அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆறு மாசமா நான் சொல்லிச் சொல்லித் தொண்ட வத்துனதை நீங்க அரை நிமிஷத்துல முடிச்சிட்டீக."

பெஞ்சுப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. திரும்பாமலே டீச்சரம்மாவின் பார்வை முதுகில் சூடு வைத்தது. ஊருணியைக் காப்பாற்ற வந்தவன் ஒரே பார்வையில் அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். பூச்சியைக் காட்டத் தெரிந்தது; காட்டிய பிறகு என்ன செய்யலாம் என்று சொல்வதற்கு ஒரு வாக்கியம்கூடக் கைவசம் இல்லை. கண்ணாடி முன் அதை நான் பேசிப் பார்க்கவே இல்லை!

திருதிருவென்று முழிக்கிறபோது மூலையில் ஒரு பித்தளைக் குடம் தென்பட்டது. கூட்டத்துக்குக் குடிதண்ணீர். தலைவரே வீட்டிலிருந்து கொண்டுவந்த குடம்.

"அந்தத் தண்ணீர் எந்தத் தண்ணீர்?" என்று கேட்டேன்.

"காலையில வர்ற வழியில அந்த ஊருணியிலதான் மொண்டது. இந்தப் பக்கத்துல வேற எங்க நல்ல தண்ணி?" என்றார் தலைவர். சொல்லி முடித்ததும் அவர் கை தானாக வயிற்றுக்குப் போனது.

சிக்கினார்கள் என்று நினைத்தேன். இவர்கள் குடித்ததிலும் ஒற்றைக்கண்ணன் இருப்பதைக் காட்டினால், 'நாங்களும் இதைத்தான் குடிக்கிறோம், மூடாமல் ஒரு வழி பாருங்கள்' என்று இறங்கிவருவார்கள். என் பட்டுவலையைப் பிடித்து, குடத்துத் தண்ணீரில் பாதியை அதன் வழியாகக் கவிழ்த்தேன். வலையின் அடியில் தங்கியதை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். எல்லாரும் மேஜையைச் சுற்றி நெருக்கினார்கள்.

ஒன்றும் இல்லை.

மிச்சப் பாதியையும் கவிழ்த்தேன். ஒரு ஒற்றைக்கண்ணன் இல்லை. ஒரு கால், ஒரு கொம்பு இல்லை.

"என்ன தம்பி, உங்க பூச்சிக்கு எங்க குடம் புடிக்கலையா?" என்றார் சுகாதார அதிகாரி. மேஜை முழுக்கச் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த நிலைமையில் வேறு என்ன செய்வது? ஆனால் சிரிக்கிறபோதே மண்டைக்குள் ஏதோ ஓடியது. ஒரே ஊருணி. ஒரே காலை. என் புட்டியில் திருவிழாக் கூட்டம், இவர் குடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஏன்?

குடத்தைத் தூக்கிப் பார்த்தேன். அதன் கழுத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது.

"இது எதற்கு?"

"வடிகட்டத்தான். எங்க வீட்டுல துணி கட்டாம ஒரு சொட்டு குடத்துக்குள்ள எறங்காது. தூசி தும்பு கெடக்கும்ல. நாலு மடிப்பாப் போட்டுத்தான் ஊத்துவாக."

துணியை அவிழ்த்தேன். ஈரம் இன்னும் காயவில்லை. மேல் மடிப்பை என் புட்டியில் தனியாக அலசி, அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பார்த்தேன்.

"இருக்கான்! இருக்கான்!" என்று கூடமே அதிரக் கத்திவிட்டேன். "அத்தனை பயலும் துணியிலே மாட்டியிருக்கான்!"

தலைவர் இந்த முறை பின்வாங்கவில்லை. ஓடிவந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் பூரித்திருந்தது. "அட, நம்ம கடைத் துணிய்யா இது! அருப்புக்கோட்டை நெசவு! பிசாசையே புடிச்சிருச்சே!"

பெஞ்சிலிருந்து டீச்சரம்மா எழுந்தார். "அப்ப தண்ணி மேல தப்பு இல்லைன்னு ஆச்சுல்லங்கய்யா. ஊருணிய எதுக்குச் சாத்தணும்?"

அத்தோடு முடிந்திருந்தால் கதை நன்றாக இருக்கும். சுகாதார அதிகாரி மேஜையைத் தட்டினார். "துணி நல்லதுதான். ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலயும் போயி, துணி கட்டுனாகளா, கிழிஞ்சிருக்கான்னு நான் பாக்க முடியுமா? சட்டம் கரை வரைக்கும்தான் போகும், அடுப்படிக்குப் போகாது." பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்க புழுவக் கண்ணாடியில பாத்தவரு. பருத்தி வெடிச்சுக் கெடக்கையில, கால்ல குச்சியக் கட்டிக்கிட்டு எடுக்க முடியாமக் கெடந்து அழுதவன நான் பாத்திருக்கேன். சும்மா ஒண்ணும் சாத்தச் சொல்லல."

அவர் சொன்னது சரி. அது வரைக்கும் அவரை எதிராளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். எனக்குக் கரையில் கிடந்த செருப்புகள் ஞாபகம் வந்தன.

"ஐயா, சட்டம் கரை வரைக்கும் போனால் போதும்" என்றேன். "அந்த ஊரில் செருப்போடு யாராவது ஊருணியில் இறங்கினால் என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியாதா? தோல உரிச்சுருவாக" என்றார் தலைவர்.

"எனக்கு உரித்தார்கள். காவல்காரன் கிடையாது, அபராதம் கிடையாது. ஆனாலும் ஒருவரும் செருப்போடு இறங்குவதில்லை. செருப்புக்கு இருக்கிற அந்தக் கட்டுப்பாட்டைக் காலுக்கும் நீட்டிவிடுங்கள். கால் படாவிட்டால் புழு தண்ணீருக்கு வராது. தண்ணீருக்கு மேலே நீட்டி ஒரு கல்மேடை கட்டிக் கொடுத்தால், அங்கே நின்று கயிற்றால் இறைத்துக்கொள்வார்கள். மற்ற கரைக்கு வேண்டுமானால் முள் போடுங்கள்."

சுகாதார அதிகாரி பேனாவை எடுத்தார். 'ஊருணிகள் மூடப்படும்' என்பதை அடித்தார். 'ஊருணித் தண்ணீரில் எவரும் கால் வைக்கலாகாது; மீறினால் அபராதம். முகப்பதற்குப் போர்டு மேடை அமைக்க வேண்டும்' என்று எழுதினார். பிறகு என்னைக் கேட்டார்: "கால் வைக்கலேன்னா, எத்தனை வருஷத்துல நோய் அத்துப் போகும்?"

"தெரியாது ஐயா. புழு வளர ஒரு வருஷம் ஆகிறது. அதனால் முதல் வருஷம் பலன் தெரியாது. அதற்காக விதியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது மட்டும் தெரியும்."

தெரியாது என்று சொன்னதற்கு விரட்டப்போகிறார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர் அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அன்று நான் சொன்னதில் அவர் முழுசாக நம்பியது அது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்.

எல்லாரும் எழப்போனபோது டீச்சரம்மா வழியை மறித்தார்.

"ஒரு வரி விட்டுப்போச்சுங்கய்யா. மேடை கட்டி முடிக்கிற மட்டும் முள்ளுப் போடக் கூடாதுன்னு எழுதுங்க. இல்லேன்னா முள்ளு இந்த மாசம் வரும், மேடை எம் பேரன் காலத்துல வரும்."

நான் பூச்சியைப் பற்றிக் கற்றதையெல்லாம் ஒரு தட்டிலும் அந்த ஒரு வரியை இன்னொரு தட்டிலும் வைத்தால் எது கனம் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைவர் சிரித்துக்கொண்டே, "எழுதும்யா, எழுதும். டீச்சர்கிட்ட அடி வாங்க நமக்கு வயசில்ல" என்றார். எழுதினார்கள்.

போர்டு கல் கொடுத்தது. ஊர் ஆள் கொடுத்தது. முள் அப்புறம் வரட்டும் என்கிற வேகத்தில் ஊரே இரவல் மாடு பூட்டிக் கல் இழுத்தது. சித்திரை வெயிலில் மற்ற ஊர்க் கண்மாய்கள் வெடித்துக் கிடந்தபோது, அந்த ஊருணி திறந்திருந்தது என்ற செய்தி எனக்கு மதுரைக்கு வந்தது. பேராசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மைக்ராஸ்கோப்பில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "நல்லது. இன்னொரு தடவை வேண்டுமானாலும் எடுத்துப் போ" என்றார். அவர் அகராதியில் அது தங்கப்பதக்கம்.

கண்ணால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். இந்த முறை நானும் தள்ளினேன். கரையிலேயே சப்பாத்தைக் கழற்றி, மற்ற செருப்புகளோடு வரிசையில் வைத்தேன். கல்மேடையில் பெண்கள் நின்று கயிற்றை விட்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குடத்தின் வாயிலும் துணி. முழங்கால் ஈரமான ஒருத்தர்கூட இல்லை! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. உணர்ச்சிப் பெருக்கில், கயிறு காலியாகும் வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், மேடை ஓரத்தில் குனிந்து புட்டியைத் தண்ணீருக்கு நீட்டினேன். கல்லில் பாசி.

தண்ணீர் இடுப்புவரை இருந்தது.

"சப்பாத்தக் கழட்டிட்டு வந்தாகளேன்னு இப்பத்தான் மெச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார் டீச்சரம்மா.

"ஏன் டீச்சரம்மா, சட்டப்படி இவுகளுக்கு என்ன?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எழுதுனவுகதான உள்ள நிக்கிறாக, அவுககிட்டயே கேளு."

தண்ணீருக்குள் நின்றபடி நானே விதியைச் சொன்னேன்: எவரும் கால் வைக்கலாகாது, மீறினால் அபராதம். "அபராதத்த வச்சு நாங்க என்ன செய்ய? கயித்தப் புடிங்க" என்றார்கள். மேலே ஏறி, அன்று காலை அந்த ஊருக்கு வேண்டிய தண்ணீர் அத்தனையும் நான்தான் இறைத்தேன். முதல் குடத்திலேயே ஒரு கை நீண்டு வந்து தடுத்தது: "துணியக் கட்டாம ஊத்தாதீக!" உள்ளங்கைத் தோல் உரிந்தது. காலில் கந்தல் சுற்றிய அந்தச் சம்சாரி கரைமேல் உட்கார்ந்துகொண்டு, தன் குடத்தையும் நீட்டினார். அவருடைய குடத்தை நிறைத்தபோதுதான் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

விஷயம் எனக்கு முன்னால் பாளையம்பட்டிக்குப் போய்விட்டது. அடுத்த முறை பெண் வீட்டார் வந்தபோது சித்தப்பா மழையை இழுக்கவே இல்லை. "ஊருணிச் சட்டம் போட்டது எங்க பய" என்றார் மார்பை நிமிர்த்தி. "அதுல மொதல்ல மாட்டுனதும் அவந்தான்."